ஞாயிற்றுக்கிழமை நடுக்கம்

ஓசூரில் ஜெபதுரையின் பெயர் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அவருடைய வண்டிச் சத்தம் தெரியாதவர்கள் அதைவிடக் குறைவு. அம்மை குத்தும் இன்ஸ்பெக்டர் அவர். கெலமங்கலம் பக்கமோ பேரிகைப் பக்கமோ அந்த மோட்டார் சைக்கிள் ஊர் எல்லையில் திரும்பும்போதே தாய்மார்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்துவார்கள். குதிருக்குள் இறக்கி மூடி வைத்த பிள்ளையைக்கூட அவர் ஒருமுறை தோண்டி எடுத்திருக்கிறார். ஊசி குத்தினால் கை வீங்கும், காய்ச்சல் வரும், மாரியாத்தாளுக்குக் கோபம் வரும். ஊரைக் காப்பாற்ற வந்த மனிதருக்கு ஊர் கொடுத்த வரவேற்பு இதுதான். சைக்கிளில் போய்வந்த காலத்தில் சத்தம் காட்டாமல் நாலு பேரையாவது பிடித்துவிட முடிந்தது. புது வண்டி வந்ததும் அந்த வசதியும் போயிற்று.

சொந்த ஊர் தெற்கே பனங்காட்டுச் சீமையில் நாசரேத். மூன்று தங்கைகளை வரிசையாகக் கட்டிக்கொடுத்து நிமிர்ந்தபோது, இவருக்கும் ஒரு பெண் பார்க்க வேண்டும் என்பதை வீட்டில் எல்லாரும் மறந்திருந்தார்கள். ஞாபகப்படுத்த அவருக்கு வெட்கம். அப்படியே தலையில் நரை விழுந்துவிட்டது. ஓசூரில் ஒரு வாடகை அறை, கயிற்றுக் கட்டில், பஸ் ஸ்டாண்டு ஹோட்டலில் சாப்பாடு, இதுதான் குடித்தனம்.

வாரநாட்கள் எப்படியோ ஓடிவிடும். திட்டுகிறவர்களாவது இருப்பார்களே. ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்குப் பகை. கிருஷ்ணகிரியிலிருந்து போதகர் மாதத்துக்கு ஒருமுறைதான் ஆராதனை நடத்த வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபதுரை தானே வேதம் வாசித்து, தானே பாட்டுப் பாடி, தானே ஆமென் சொல்லி முடித்துவிட்டுப் பார்த்தால் காலை வெயில்கூட இன்னும் சூடேறியிருக்காது. துவைத்த சட்டையையே எடுத்து மறுபடி துவைப்பார். தனிமை என்று அதற்கு அவர் ஒருநாளும் பெயர் வைத்ததில்லை. குளிர்ந்த ஊர், வயிறு மந்தமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

வருடக்கணக்கில் பெயர் பதிந்து காத்திருந்து வாங்கிய வண்டி. வந்த முதல் வாரத்திலேயே நடுங்க ஆரம்பித்தது. மெதுவாகப் போனால் ஒன்றும் தெரியாது. வேகம் நாற்பதைத் தொட்டதும் கைப்பிடியில் ஒரு கிறுகிறுப்பு ஏறும். அது தோள் வரைக்கும் வந்து பல்லில் போய் உட்காரும். வண்டியை விட்டு இறங்கிய பிறகும் வெகுநேரம் உள்ளங்கை மரத்துப்போய்க் கிடக்கும். ஒருநாள் ஒரு குழந்தையின் கையைப் பிடித்து ஊசி குத்தப் போனபோது அவர் விரல்கள் ஆடியதைப் பார்த்து, "குடிச்சிட்டு வந்திருக்கான் பாவி" என்று ஒரு கிழவர் ஊரைக் கூட்டிவிட்டார். காபிகூட இரண்டாம் தடவை குடிக்காத மனிதருக்கு இந்தப் பழி.

அதனால்தான் பெங்களூர் ரோட்டில் இருந்த முனிராஜின் ஒர்க்‌ஷாப்புக்கு அவர் போனார். முன்னால் தகரக் கொட்டகை, பின்னால் ஒட்டினாற்போல் வீடு. லாரி, டிராக்டர், பம்புசெட் எது வந்தாலும் முனிராஜ் பார்ப்பார். மற்ற நாட்களில் லாரிக்காரர்கள் கழுத்தைப் பிடிப்பதால், "ஞாயித்துக்கெழமை வாங்க சார், நிதானமா பார்க்கலாம்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபதுரை போய் நின்றபோது, முனிராஜின் மனைவி ருக்மணி வாசலுக்கு வந்தாள். அத்திப்பள்ளிப் பக்கத்துப் பெண், பேச்சில் பாதி கன்னடம்.

"வாங்க சார். ஊட்ட ஆய்த்தா?"

சாப்பாடு ஆயிற்றா என்பது அவர்களுக்கு வணக்கம் சொல்வது மாதிரி. ஆயிற்று என்று சொல்லிவிட்டு வந்த வேலையைப் பார்க்க வேண்டும். நாசரேத்திலும் அதுதான் வழக்கம், அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்தக் கேள்வியை யாரும் கேட்டு வெகுகாலம் ஆகிவிட்டதால் நாக்குப் பழக்கம் விட்டுப்போய், உள்ளதைச் சொல்லிவிட்டது.

"இல்லம்மா, இன்னும் சாப்பிடல."

ருக்மணி ஒரு கணம் விழித்தாள். பிறகு சிரித்துக்கொண்டு உள்ளே போய்த் தட்டை எடுத்து வைத்தாள். வேறு என்ன செய்வாள்? சாப்பிடவில்லை என்று வாசலில் நின்று சொல்கிற மனிதரைத் திருப்பி அனுப்ப முடியுமா?

ராகிக் களியும் கீரைச் சாறும். ஜெபதுரை களியைச் சோறு மாதிரி மெல்லப் போனார். அது அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு மேலும் போகவில்லை, கீழும் போகவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"மெல்லக் கூடாதுங்க சார், அப்பிடியே சாத்துல தோச்சி முழுங்கணும்" என்று முனிராஜ் உருண்டை பிடித்து விழுங்கிக் காட்டினார். தன்னைப் பார்த்துப் பயப்படாமல் மனிதர்கள் சிரிப்பதை ஜெபதுரை அந்த ஊரில் அன்றைக்குத்தான் கண்டார். அவருக்கும் சிரிப்பு வந்தது. கண்ணில் நீரும் வந்தது. களி அடைத்ததால் என்று சொல்லிக்கொண்டார்.

முனிராஜுக்கு வேலையில் ஒரு முறை உண்டு. பழுது பார்த்து முடித்ததும் வீட்டுக்குள்ளிருந்து பித்தளை டம்ளரை எடுத்து வந்து, விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, பெட்ரோல் டேங்க் மூடியின்மேல் வைப்பார். எஞ்சினை ஓடவிட்டு முறுக்குவார். தண்ணீர் சிலிர்க்கலாம், சிந்தக் கூடாது. சிந்தாவிட்டால் அந்தத் தண்ணீரைத் தானே குடித்துவிட்டு வண்டியைக் கொடுப்பார். "குடிக்கிற டம்ளர கிரீஸ் கையில தொடாதன்னா கேக்கறதில்ல" என்று ருக்மணி ஒவ்வொரு முறையும் திட்டுவாள்.

அந்த டம்ளர் முதல் ஞாயிறு சிந்தியது. சக்கரத்தின் கம்பிகளைச் சரிபார்த்தார். அடுத்த ஞாயிறும் சிந்தியது. செயினைப் பார்த்தார். அதற்கடுத்து சைலன்சரின் பிடி, டயர், ஹேண்டில் என்று ஒவ்வொன்றாகப் போயிற்று. ஒவ்வொரு ஞாயிறும் ஜெபதுரை பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட ஆயில் டின்மேல் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். முனிராஜ் பெங்களூரில் தொழில் பழகிய கதைகளைச் சொன்னார். ருக்மணி, நாசரேத்தில் பனங்கிழங்கை எப்படி அவிப்பார்கள் என்று கேட்டாள். மத்தியானம் களி. கடைசியில் ஒரு ஞாயிறு, எஞ்சினைப் பிரேமோடு பிடித்து நிறுத்தும் பின்பக்கத்துப் போல்ட்டில் ஒரு வாஷர் போடாமலே வண்டியை அனுப்பியிருக்கிறார்கள் என்று முனிராஜ் கண்டுபிடித்தார். வாஷரைப் போட்டு நட்டை இறுக்கினார். டம்ளரில் தண்ணீர் சிலிர்த்தது, சிந்தவில்லை.

"முடிஞ்சிது சார்!" என்று தண்ணீரைக் கடகடவென்று குடித்தார்.

அன்றைக்குக் களி தொண்டையில் இறங்கும்போதே இது கடைசிக் களி என்று ஜெபதுரைக்குத் தெரிந்தது.

வண்டி வெண்ணெயாக ஓடியது. அடுத்த ஞாயிறு ஆமென் சொல்லி முடித்ததும் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு பெங்களூர் ரோட்டில் போனார். கொட்டகை வாசலில் நின்ற முனிராஜ் கையை உயர்த்தி, "வண்டி எப்பிடிங்க சார்?" என்று கத்தினார். "ஜோரா இருக்கு" என்று இவரும் கத்தினார். அவ்வளவுதான். மேற்கொண்டு பேச என்ன இருக்கிறது? வண்டியை நிறுத்த ஒரு காரணம் வேண்டாமா? அரசாங்க இன்ஸ்பெக்டர், கல்யாணமாகாத ஆள், புருஷனும் பெண்டாட்டியும் இருக்கிற வீட்டில் காரணமில்லாமல் போய் எப்படி உட்காருவது? மாநில எல்லைவரை போய்த் திரும்பி வந்தார். திரும்பும்போது முனிராஜ் உள்ளே போயிருந்தார். அறைக்கு வந்து சட்டையைத் துவைத்தார்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம், வண்டியோடு கொடுத்த ஸ்பேனரை எடுத்து, அந்த நட்டை அவரே தளர்த்தினார். கெட்ட காரியம் என்று கை கூசியது. கூசிய கைதான் திருகவும் செய்தது.

"மறுபடி நடுங்குது, முனிராஜ்."

"அதெப்பிடி சார்?" முனிராஜ் முகம் சுண்டிப்போயிற்று. குனிந்து பார்த்தார். "அட, நட்டு லூசாயிருச்சே." இறுக்கினார். மத்தியானம் களி கிடைத்தது. அதற்குப் பிறகு இது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. முனிராஜ் ஸ்பிரிங் வாஷர் போட்டார், இவர் தளர்த்தினார். முனிராஜ் நட்டுக்குமேல் நட்டுப் போட்டார், இவர் இரண்டையும் தளர்த்தினார். யாராவது தன்னைப் பார்த்து, ஏனய்யா இந்தப் பிழைப்பு என்று கேட்டிருந்தால் ஜெபதுரை அன்றே நிறுத்தியிருப்பார். கேட்க ஆளில்லாததுதானே நோயே.

முனிராஜுக்கு இது விளையாட்டாக இல்லை. லாரிக்காரர்கள், "என்னா முனிராஜு, இன்ஸ்பெக்டரு வண்டிக்கு ஜொரம் எறங்கலியா?" என்று கேலி செய்ய ஆரம்பித்தார்கள். அவர் சிரிப்பதை நிறுத்தினார். பெங்களூர்க் கதைகள் நின்றன. ஆயில் டின்மேல் உட்கார்ந்து ஜெபதுரை பேச்சுக் கொடுத்தாலும் ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. எந்தப் பேச்சுக்காக இவர் இந்தத் திருட்டுத்தனம் செய்தாரோ அந்தப் பேச்சே அந்த வீட்டிலிருந்து போய்க்கொண்டிருந்தது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் நாராயணப்பன் ஜீப்பில் வந்து இறங்கினார். மத்திகிரிக்கு அப்பால் பெரிய நிலக்காரர், உருளைக்கிழங்கும் ராகியும் போடுகிறவர், இரண்டு டிராக்டர் வைத்திருந்தார். அந்த இரண்டையும் வருடம் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் வேலையை முனிராஜுக்குத் தருவதாகப் பேச்சு. அந்த வேலையை நம்பித்தான் தகரக் கொட்டகையைக் கட்டிடமாக்கலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டிருந்தார்கள். வந்தவர் அக்கக்காகக் கழற்றிக் கிடந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார்.

"இன்னும் இதே வண்டியா?"

முனிராஜ் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க. எங்கயோ ஒரு கோளாறு, பிடிபட மாட்டேங்குது" என்றார்.

"ஒரு நட்டு நிக்க மாட்டேங்குது ஒங்கையில. எம்பட டிராக்டர ஒன்னை நம்பி எப்பிடிப்பா விடறது? பெங்களூருக்கே அனுப்பிக்கறேன்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

நான்தான் தளர்த்தினேன் என்று சொல்ல அந்த இடத்தில் ஜெபதுரைக்கு வேண்டிய அளவு அவகாசம் இருந்தது. கையிலிருந்த ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மத்தியானம் ருக்மணி இரண்டு தட்டு வைத்தாள். முனிராஜ் வரவில்லை. வண்டிப் பக்கத்திலேயே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க சாப்பிடுங்க சார்" என்றாள். "அவருக்கு இப்பல்லாம் ஊட்டாவும் சேரல்ல, தூக்கமும் இல்ல. எந்திரிச்சி எந்திரிச்சி கனவுல நட்டு இறுக்கறாரு. எங்க தப்புப் பண்றேன், எங்க தப்புப் பண்றேன்னு ஒரே பொலம்பல்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சாறு ஊற்றினாள்.

அந்த வீட்டுக்குள், அந்தத் தட்டுக்கு முன்னால், ஜெபதுரை தனியாக உட்கார்ந்து களி தின்றார். இப்போது மெல்லாமல் விழுங்கத் தெரிந்திருந்தும் அது இறங்கவில்லை. ஹோட்டல் பெஞ்சில்கூட இவ்வளவு தனியாக அவர் ஒருநாளும் சாப்பிட்டதில்லை.

வாரநாள் ஒன்றில், முனிராஜ் பூட்டிக் கொடுத்த வண்டியில் அவர் நாராயணப்பனின் பண்ணைக்குப் போனார். வண்டிச் சத்தம் கேட்டதும் வழக்கம்போல் பிள்ளைகள் மறைந்தார்கள், கதவுகள் சாத்திக்கொண்டன. களத்தில் நின்ற நாராயணப்பன், "ஊசி போடவா?" என்றார்.

"இல்லைய்யா. ஒரு டம்ளர் தண்ணி வேணும்."

தண்ணீர் வந்தது. ஜெபதுரை அதைக் குடிக்காமல் டேங்க் மூடியின்மேல் வைத்து எஞ்சினை ஓடவிட்டு முறுக்கினார். தண்ணீர் சிலிர்த்தது, சிந்தவில்லை. நிறுத்திவிட்டு, ஸ்பேனரை எடுத்துக் குனிந்து நட்டைத் தளர்த்தினார். மறுபடி ஓடவிட்டார். டம்ளர் குலுங்கித் தண்ணீர் டேங்க்கெல்லாம் வழிந்து, கடைசியில் டம்ளரே கீழே விழுந்து உருண்டது.

"முனிராஜ் வேலையில ஒரு குத்தமும் இல்லைய்யா. வாராவாரம் நான்தான் தளத்திக்கிட்டுப் போனேன்."

நாராயணப்பன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அவன் சொல்லி வுட்டானா ஒங்கள?"

"அவருக்கு இன்னும் தெரியாது."

"என்னாத்துக்குய்யா இந்த வேலை பண்ணீங்க? புது வண்டிய!"

களத்தில் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதைவிட எளிதான கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை, இதைவிடக் கஷ்டமான பதிலை அவர் சொன்னதும் இல்லை.

"ஞாயித்துக்கிழமை அங்க போனா ஒரு வேளை சோறு போடுவாங்க. பேசுறதுக்கு ரெண்டு பேரு இருப்பாங்க. வண்டி சரியாப் போச்சுன்னா அங்க போறதுக்கு எனக்கு என்ன காரணம் இருக்கு?"

யாரோ சிரித்தார்கள். நாராயணப்பன் திரும்பி ஒரு முறை முறைத்ததும் அந்தச் சிரிப்பு அடங்கியது. அவர் குனிந்து டம்ளரை எடுத்து மண்ணைத் துடைத்தார். "டிராக்டர அவன்கிட்டயே அனுப்பறேன். ஆனா இத அவன்கிட்ட சொல்லாம இருக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றார். பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

"ஆச்சுய்யா" என்றார் ஜெபதுரை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் பட்டிருக்கவில்லை. நட்டை இறுக்கிக்கொண்டு கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று அவர் பாட்டுப் பாடவில்லை. போகாமல் இருந்துவிட்டால் என்ன என்று நினைத்தார். மாற்றல் கேட்டு வேறு ஊருக்குப் போய்விடலாம், அம்மை எல்லா ஊரிலும் இருக்கிறது. சட்டையைத் துவைக்க எடுத்தார். அதை அப்படியே வாளியில் போட்டுவிட்டு, வண்டியைத் தொடாமல், பெங்களூர் ரோட்டில் நடந்தார்.

கொட்டகையில் நாராயணப்பனின் டிராக்டர் நின்றது. அதன் அடியிலிருந்து முனிராஜின் கால்கள் மட்டும் தெரிந்தன. ருக்மணி முறத்தில் ஊறிய அவரைக்கொட்டையை வைத்துக்கொண்டு பிதுக்கிக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் அவள் கை நின்றது. ஊட்ட ஆய்த்தா என்று கேட்கவில்லை.

"வண்டி எங்க சார்?"

"ரூம்ல நிக்குதும்மா. நல்லா ஓடுது."

"பின்ன?"

வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்த மன்னிப்பு வார்த்தைகள் ஒன்றும் வாயில் வரவில்லை.

"சும்மாதாம்மா வந்தேன்" என்றார்.

டிராக்டருக்கு அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றது. முனிராஜ் மண்ணில் முதுகைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தார். முகமெல்லாம் கரி.

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னாங்க சார்?" ஸ்பேனரை மண்ணில் எறிந்தார். "நான் தொழிலயே வுட்டுடலாம்னு இருந்தேன். ஊரே சிரிச்சிது. என் கையி மேல எனக்கே நம்பிக்க போயிருச்சி. ஒரு வாயி களிக்கு இத்தன பண்ணணுமா? நாங்க என்ன இல்லேன்னா சொல்லப் போறோம்?"

ஜெபதுரை நின்றுகொண்டே இருந்தார். சொன்னது அத்தனையும் நியாயம். முனிராஜ் மறுபடி டிராக்டருக்கு அடியில் போய்விட்டார்.

ருக்மணி முறத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளினாள். ஜெபதுரை ஆயில் டின்மேல் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார். ஒரு கொட்டையை எடுத்து அவள் செய்த மாதிரியே பிதுக்கினார். பருப்புத் தெறித்துப் போய் அவர் சட்டைப் பையில் விழுந்தது. அவள் சிரிக்கவில்லை, ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மத்தியானம் முனிராஜ் வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். ஜெபதுரையின் பக்கம் திரும்பவே இல்லை. மூன்று பேரும் சாப்பிட்டார்கள். பிதுக்கம்பருப்புச் சாறு ருசியாக இருந்தது, அதை யாரும் சொல்லவில்லை. கை கழுவிவிட்டு, "வாரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஜெபதுரை ரோட்டில் இறங்கினார். இனி வரக்கூடாது என்று முடிவு செய்துகொண்டார்.

"சார்."

முனிராஜ் கொட்டகை வாசலில் நின்றிருந்தார். இப்போதும் முகத்தைப் பார்க்காமல், ரோட்டில் போகிற லாரியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"வர்ற ஞாயித்துக்கெழமையும் நடந்தே வாங்க."

ஜெபதுரை தலையை ஆட்டினார். திரும்பி நடந்தார். கண்ணை நீர் மறைத்ததில் எதிரே வந்த சைக்கிள்காரனுக்கு ஒதுங்கத் தெரியாமல் அவனிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அறைக்கு வந்து, வாளியில் கிடந்த சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டார்.